சர்க்கரை காட்டிக்கொடுத்த மூன்று புள்ளிகள்

பந்தல்குடி ரோட்டில் ஒரு லாரிக்கு ஒதுங்கப் போய் ஸ்கூட்டரோடு மண்ணில் சரிந்தேன். பெரிய அடி இல்லை. ஆனால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் வலது விலா குத்தியது. அருப்புக்கோட்டையில் எலும்பு டாக்டர் நெஞ்சைப் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் மாட்டிப் பார்த்துவிட்டு, "எலும்பு ஒண்ணும் உடையல டீச்சர்" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் கண் மட்டும் படத்தை விட்டு நகரவில்லை. பேனா மூடியால் இடது பக்கம் மேலே ஓர் இடத்தைத் தொட்டார்.

"இது என்னன்னு ஒரு நெஞ்சு டாக்டர்ட்ட காட்டிக்கிருங்க."

அடிபட்டது வலது பக்கம். இடது பக்கத்தில் எனக்கு என்ன இருக்க முடியும்? படம் எடுக்கும் இடத்தில் எனக்கு முன்னால் உள்ளே போன பெண் இருமிக்கொண்டேதான் போனாள். இருமிக்கொண்டேதான் வெளியே வந்தாள். படம் மாறிவிட்டது என்று அங்கேயே முடிவு கட்டினேன்.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள். பீடி, சிகரெட் வாடையே ஆகாது. எங்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. இரண்டு பக்கமும் நெசவுக்காரக் குடும்பங்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இளவயசிலேயே கரி வியாபாரத்துக்குப் போய்விட்டார். நரிக்குடிப் பக்கம் சீமைக்கருவேல மரத்தை மூட்டம் போட்டு எரிக்கும் கரியை வாங்கி, எங்கள் வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூட்டை பிடித்து, வெளியூருக்கு லோடு அனுப்புவார். லீவு நாட்களில் நானும் கொட்டகையில் நிற்பேன். எதையும் யார் சொல்லியும் நம்புகிறவள் இல்லை நான். கடையில் துவரம்பருப்பு வாங்கினால்கூட உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்துத்தான் வாங்குவேன்.

வீட்டுக்காரரிடம் விலா வலிக்கு மருந்து கொடுத்தார்கள் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு விருதுநகருக்கு பஸ் ஏறினேன். முன்பின் தெரியாத ஓர் இடத்தில், பழைய படத்தைப் பற்றி மூச்சே விடாமல், இன்னொரு படம் எடுத்தேன். அதை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அதே இடம். அதே மங்கலான, காசு மாதிரி ஒரு வட்டம். பஸ் ஸ்டாண்டில் நிழலைத் தேடி உட்கார்ந்தேன். ஊருக்குப் போகும் பஸ் ஒன்றை விட்டுவிட்டேன்.

அதற்கு மேல் வீட்டுக்காரரிடம் மறைக்க முடியவில்லை. எங்கள் ஊர் டாக்டர் ஒருவர், "பழைய டிபி வடுவா இருக்கும். இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு இருக்கும்" என்றார். கேட்க ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்ததாலேயே நம்ப மனசு வரவில்லை. சளி எடுத்துச் சோதித்தார்கள். டிபி கிருமி இல்லை என்று வந்தது. பிறகு ஸ்கேன். அந்த அறிக்கையில் புள்ளியைச் சந்தேகத்துக்குரியது என்று எழுதியிருந்தார்கள். என்னை மிஞ்சிய சந்தேகக்காரர்களும் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மதுரைக்குப் போனோம். நான், அவர், துணைக்கு என் அக்கா. அக்கா எனக்கு ஒரு பங்கு மேலே. தாலி கட்டிய புருஷனையே சாட்சி வைத்துத்தான் நம்புவாள். நெஞ்சு டாக்டர் ஒரு பெண். என் பழைய மாணவிகள் வயசுதான் இருக்கும். ஸ்கேனைத் திரையில் போட்டு உருட்டி உருட்டிப் பார்த்தார்.

அக்கா எங்கள் தெலுங்கில் என்னிடம் சொன்னாள்: "சின்னப் பிள்ளையா இருக்கா. இவளுக்கு என்ன தெரியும்? இல்லாத நோயக் காட்டிப் படுக்க வைக்கப் பாக்கிறா. எந்திரி, போவோம்."

டாக்டர் திரையிலிருந்து திரும்பாமலே, அதே தெலுங்கில், "போறதுன்னா போகலாம்மா. ஆனா தங்கச்சியக் கூட்டிட்டு இன்னொரு டாக்டரையாவது பாருங்க. வீட்ல மட்டும் வச்சிராதீங்க" என்றார். அவருடைய அம்மா வழி சித்தூர்ப் பக்கமாம். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கு முழுவதும் அவள் தமிழும் பேசவில்லை, தெலுங்கும் பேசவில்லை.

அடுத்துச் செய்ய வேண்டியது உடம்பு முழுக்க எடுக்கும் ஒரு ஸ்கேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். லேசான கதிர்வீச்சு ஏற்றிய சர்க்கரையை ஊசியில் போட்டு, ஓர் அறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். பேசக்கூடாது, அசையக்கூடாது, போன் பார்க்கக்கூடாது. எந்தத் தசை வேலை செய்தாலும் சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும் என்றாள் நர்ஸ். எனக்கு விஷயம் தெரியும். வெறிபிடித்து வளரும் செல் மற்ற செல்களைவிட அதிகமாகச் சர்க்கரையை வாங்கும். வாங்கிய இடம் படத்தில் ஒளிரும். வகுப்பில் சொல்வதற்கு அழகான செய்தி. அந்தக் குளிர்ந்த அறையில் போர்வைக்குள் கிடந்தபோது, என் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் பந்தியில் உட்கார்ந்து தின்றுகொண்டிருப்பது போல இருந்தது.

ஒளிரக்கூடாத மூன்று இடம் ஒளிர்ந்தது. ஒன்று அந்தப் புள்ளி. மற்ற இரண்டும் நெஞ்சின் நடுவில், மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் இருக்கும் நெறிகட்டிகள், நிணநீர் முடிச்சு என்று பாடத்தில் சொல்வோமே அவை.

"புள்ளி மட்டும்னா ஆரம்ப நிலை" என்றார் டாக்டர். "நெறிகட்டிகள்லயும் போயிருந்தா அப்படிச் சொல்ல முடியாது. ஆனா சர்க்கரை இழுக்கிறதெல்லாம் புற்று இல்ல. டிபி இழுக்கும், புண்ணு இழுக்கும், தூசி அடைஞ்ச நெறிகட்டிகூட இழுக்கும். ஊசியால எடுத்துப் பாத்துத்தான் சொல்லணும்."

ஆரம்ப நிலை என்ற சொல்லைக் கேட்டதும்தான் எனக்குப் பயம் வந்தது. எங்கள் பள்ளியில் கணக்கு எடுத்த டீச்சருக்கு மார்பில் கட்டி வந்தபோதும் அதையேதான் சொன்னார்கள். வீட்டில் எல்லாரும் அவரிடம் ஆரம்ப நிலை, ஆரம்ப நிலை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைசி வரைக்கும் அவருக்கு உண்மை தெரியாது. துக்கத்துக்குப் போன இடத்தில் அவர் கணவர், "அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டான்னு சொல்லல" என்று அழுதார். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், எனக்கு வந்தால் ஒருத்தரையும் நம்பக்கூடாது என்று.

டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்துப் பக்கம் போனார். என்னைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்.

"யாரு போன்ல?"

"லோடு விஷயம்."

முப்பது வருசமாக அவர் லோடு விஷயம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லோடு விஷயத்தை அவர் என்றைக்கும் மெதுவாகப் பேசியதில்லை.

ஊசிச் சோதனைகளுக்குத் தேதி கிடைப்பதற்குள் அக்கா வீட்டைக் கைப்பற்றிவிட்டாள். கட்டி சர்க்கரையைத் தின்னுகிறது என்பது மட்டும் அவள் மனதில் ஆழமாகப் பதிந்திருந்தது. என் காப்பியில் சர்க்கரை நின்றது. பிறகு காப்பி நின்றது. பழம் நின்றது, சோறு நின்றது. காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் கீரை, ராத்திரி உப்புப் போடாத கம்பங்கூழ்.

"அதுக்குத் தீனி போடாட்டி தானே வாடிச் சாகும்" என்றாள்.

"அப்ப எனக்குத் தீனி?"

"நீ பொறுத்துக்க."

அடுத்த தடவை மதுரையில் எடை பார்த்தபோது டாக்டர் முகம் மாறிவிட்டது. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "நீங்க சோத்த நிறுத்தினாலும் ரத்தத்துல சர்க்கரை நிக்காதும்மா. ஈரல் தானாச் செஞ்சு அனுப்பும். மூளைக்கு அது வேணும். கட்டி தன் பங்க எடுத்துக்கிட்டேதான் இருக்கும். பட்டினி கிடந்து தேயிறது உங்க தங்கச்சிதான். ஆபரேசன் பண்ணணும்னா உடம்புல தெம்பு வேண்டாமா?"

அக்கா அதை நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் எனக்கு இரண்டு பூரி வாங்கிக் கொடுத்தாள். நான் தின்று முடிக்கும்வரை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

புள்ளியிலிருந்து முதுகு வழியாக ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். நெறிகட்டிகளுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டார்கள். முடிவு வந்த அன்று அறிக்கையை முதலில் என் கையில் தர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். டாக்டர் மறுக்காமல் தந்தார். புள்ளி புற்றுதான். அந்த வரியை ஒரு தடவைதான் படித்தேன். கீழே போகப் போக ஓரிடத்தில் பி53 என்று இருந்தது. சாயம் அடர்த்தியாகப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தது.

அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். கட்டியை அடக்கும் புரதம். செல்லின் மரபுச் சரடு அறுந்தால் பிரிவதை நிறுத்தி, சரிசெய்ய முடியுமா என்று பார்த்து, முடியாவிட்டால் அந்தச் செல்லையே முடித்துவிடும் காவல்காரன். பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது அடர்த்தியாக இருக்கிறது என்றால் நல்ல செய்திதானே?

"காவல் புரதம் நிறைய இருக்குன்னு போட்டிருக்கு. அப்ப உடம்பு எதுத்து நிக்குதுன்னுதான அர்த்தம்?" என்று கேட்டேன். கேட்கும்போதே குரலில் கொஞ்சம் சந்தோசம் வந்துவிட்டது.

டாக்டர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்ல பி53ஐ செல்லு அப்பப்ப உடைச்சுக் கழிச்சுக்கிட்டே இருக்கும் டீச்சர். அதனால ஆரோக்கியமான இடத்துல சாயம் ஏத்திப் பாத்தா அங்கொண்ணு இங்கொண்ணுதான் தெரியும். மரபணு கெட்டு, தப்பான உருவத்துல வந்த புரதம் அப்படிக் கழியாது. வேலையும் செய்யாது, போகவும் போகாது. தேங்கி நிக்கும். நீங்க பாக்கிறது அந்தக் கூட்டம்."

காவலுக்கு ஆள் கூடி நிற்பதே காவல் இல்லை என்பதற்கு அடையாளம். இத்தனை வருசம் பாடம் எடுத்தும் இது எனக்குத் தெரியாது. கையிலிருந்த தாளைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"அதுக்கும் இந்தச் சர்க்கரைக்கும் சம்பந்தம் இருக்கா?"

"இருக்கு. நல்ல பி53 செல்லு எவ்வளவு சர்க்கரைய உள்ள விடலாம், அதை எப்படி எரிக்கலாம்ங்கிறதுலயும் கை வச்சுக்கிட்டிருக்கும். அது கெட்டுட்டா அந்தப் பிடி தளரும். சர்க்கரைய அள்ளி உள்ள போட்டு, முழுசா எரிக்காம அரைகுறையா எரிச்சு, மிச்சத்த வச்சுப் புதுச் செல்லு கட்டிக்கும். எல்லாக் கட்டியிலயும் இது மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். இத வச்சு உங்க வைத்தியமும் இப்ப மாறப்போறதில்ல."

அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வாய் திறந்தார். "மூட்டம் மாதிரியா?"

டாக்டருக்கு மூட்டம் தெரியவில்லை. விறகை அடுக்கி, மேலே மண் பூசி, காற்றை அடைத்துப் புகைய விட்டால், சாம்பலாகப் போகாமல் கரியாக நிற்கும் என்று இவர் கையால் வட்டம் போட்டுக் காட்டினார்.

"நீங்க காத்த அடைச்சு அப்படிப் பண்றீங்க. இது காத்து இருக்கும்போதே அப்படிப் பண்ணுது" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். 

நெறிகட்டிகளின் முடிவு அடுத்த தாளில் இருந்தது. புற்றுச் செல் இல்லை. எடுத்தது கறுப்பாக இருந்ததாகவும், கரித்தூசி அடைந்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். வருசக்கணக்காக மூச்சில் போன தூசியை நெறிகட்டிகள் பிடித்து வைத்துக்கொண்டு மல்லாடிக்கொண்டிருந்திருக்கின்றன, அதற்குத்தான் சர்க்கரை. ஒளிர்ந்த மூன்றில் ஒன்று உண்மை, இரண்டு பொய்.

டாக்டர் சிரித்தார். "இப்ப தைரியமாச் சொல்றேன், ஆரம்ப நிலைதான்."

ஊசி தப்பான இடத்தில் குத்தியிருந்தால்? இரண்டு நெறிகட்டிகளைப் பார்த்தார்கள். மூன்றாவது ஒன்று ஒளிராமல் ஒளிந்திருந்தால்? கேட்டேன். ஆபரேசனில் நெறிகட்டிகளையும் சேர்த்து எடுத்து மறுபடி பார்ப்போம் என்றார். இதற்கு முன்னால் இப்படிக் கேட்டவர்கள் இருக்கிறார்களா என்றேன். "எல்லாரும் மனசுக்குள்ள கேப்பாங்க. நீங்க வாய் விட்டுக் கேக்குறீங்க" என்றார்.

இடது நுரையீரலின் மேல் பகுதியை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது விலாவுக்குள் ஒரு குழாய். அதன் முனை கட்டிலுக்குக் கீழே ஒரு டப்பாவில் இருந்தது. மூச்சை உறிஞ்சினால் பந்து எழும்பும் ஒரு பிளாஸ்டிக் சாமானைக் கொடுத்து, பந்துகளைத் தூக்கிக் காட்டச் சொன்னார்கள். முதலில் ஒரு பந்து துடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. அக்கா கட்டில் பக்கத்தில் நின்று, அவளும் சேர்ந்து மூச்சை இழுத்து இழுத்து மயக்கம் வந்து உட்கார்ந்தாள்.

குழாயை எடுத்த பிறகு, வராந்தாவில் நடக்கப் பழகிக்கொண்டிருந்தேன். தூணுக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் போனில் பேசுவது கேட்டது.

"எல்லாம் எடுத்தாச்சா? இன்னும் மிச்சம் இருக்குதா? சரி, சரி. அவளுக்குத் தெரிய வேண்டாம்."

சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டேன். அழுகை வரவில்லை. நான் நினைத்தது சரி என்று ஆனதில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு விதத் திருப்தி. மறுநாள் டாக்டர் வந்தபோது, "மிச்சம் இருக்குன்னு அவுகட்டச் சொன்னீங்களா?" என்று நேரே கேட்டேன். டாக்டருக்குப் புரியவில்லை. வெட்டிய ஓரம் சுத்தமாக இருக்கிறது, எடுத்த நெறிகட்டிகளிலும் ஒன்றும் இல்லை, இப்போதைக்கு வேறு மருந்துகூட வேண்டியதில்லை, சில மாத இடைவெளியில் ஸ்கேன் எடுத்துக் கவனித்தால் போதும் என்று பொறுமையாகச் சொல்லி, தாளையும் காட்டினார். தாளைப் படித்தேன். கணக்கு டீச்சருக்கும் தாள் காட்டியிருப்பார்கள் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து காரிலிருந்து இறங்கியதும் ஏதோ குறைந்தது. வாசல் கறுப்பாக இல்லை. கொட்டகையைப் பார்த்தேன். ஒரு மூட்டை இல்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. ஆனால் அதையும் மீறி கரிக் கறை மேகம் மாதிரி தெரிந்தது.

"எங்க எல்லாம்?"

"திருச்சுழி ரோட்ல ஊருக்கு வெளிய ஒரு எடம் புடிச்சு மாத்தியாச்சு. நீ வாரதுக்குள்ள முடிக்கணும்னு பயலுகளப் போன்ல விரட்டிக்கிட்டே கெடந்தேன்."

"என்ட்ட எதுக்கு மறைச்சீக?"

அவர் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கரியாலதான் வந்துச்சுன்னு நீ நெனச்சிருவியோன்னு."

"டாக்டர்ட்ட கேட்டீகளா?"

"கேட்டேன். கரியாலன்னும் சொல்லல. கரியால இல்லன்னும் சொல்லல. பொகை, தூசி, அடுப்பு, பரம்பரை, ஒண்ணுமே இல்லாமலும் வரும்னு என்னென்னமோ சொன்னாக. நெறிகட்டியில கரி இருக்குல்ல. அது நான் கொண்டாந்த கரிதான."

அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். தையல் இழுத்ததால் கையை அவர் தோள் வரை தூக்க முடியவில்லை, முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த நேரத்திலும், டாக்டர் இவரிடம் வேறு எதுவும் சொல்லவில்லையா என்று ஒரு கேள்வி உள்ளே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

உடம்பு தேறியதும் நான் செய்த முதல் வேலை அவரையும் மூட்டை பிடிக்கிறவர்களையும் நெஞ்சுப் படம் எடுக்க அழைத்ததுதான். அவர் முனகிக்கொண்டே போனார், படத்தில் ஒன்றும் இல்லை. புது இடத்துக்குப் போய் மூட்டை பிடிக்கும் பெண்களிடம் பேசினேன். துணியால் மூக்கைக் கட்டுங்கள், தூசி அடங்கத் தண்ணீர் தெளியுங்கள் என்றேன், அதற்கெல்லாம் தலையாட்டினார்கள். படம் என்றதும் நரிக்குடிப் பக்கத்திலிருந்து வரும் அக்கா ஒருத்தி சல்லடையைக் கீழே வைத்தாள். எங்களிடம் ரொம்ப காலமாக வேலை செய்கிறவள்.

"எனக்கு இல்லாத நோவ நீங்க எதுக்குத் தேடுறீக? படத்த எடுத்து, நெஞ்சு சரியில்லன்னு சொல்லி, வேலைய விட்டு நிப்பாட்டப் பாக்கிறீகளா?"

"ஏக்கா, நான் அப்படிச் செய்வனா?"

"யாரு கண்டா? கொட்டாயவே ஒரு வார்த்த சொல்லாம மாத்திட்டீக."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை மாதம் நான் எல்லாரையும் பார்த்த பார்வையை அவள் கண்ணில் பார்த்தேன். என்ன சொன்னாலும் அந்தக் கண் நம்பாது என்று எனக்குத் தெரியும்; என் கண் நம்பவில்லையே. கரி மூட்டைகளுக்குப் பின்னால் அவளைக் கூட்டிப்போய், சேலையை விலக்கி, முதுகிலிருந்து விலா வரை வளைந்து வந்திருந்த தழும்பைக் காட்டினேன். அவள் கறுத்த விரலைச் சேலையில் துடைத்துவிட்டு, தொடாமல், அதன் மேலாகவே கொண்டுபோனாள்.

"இருமலே இல்லையா ஒங்களுக்கு?"

"இல்லக்கா. ஒண்ணுமே இல்ல."

"படத்துல என்ன வந்தாலும் வேலையில நிப்பாட்ட மாட்டேன்னு மொதலாளி வாயால சொல்லச் சொல்லுங்க. இவளுக எல்லாரும் கேக்கணும்."

அவர் வந்து எல்லார் முன்னாலும் சொன்னார். அடுத்த வாரம் அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறினோம். அவளோடு இன்னும் நாலைந்து பேர். படம் எடுத்து, டாக்டர் பார்த்து, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொன்னார். ஒருத்திக்கு மட்டும் சளிச் சோதனை எழுதிக்கொடுத்தார். நரிக்குடி அக்காவுக்கு ஒன்றும் இல்லை. வெளியே வந்து மர நிழலில் நின்றவள், ஆஸ்பத்திரிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னு இம்புட்டு வெரசாச் சொல்லிட்டாகளே டீச்சரம்மா. நல்லாப் பாத்தாகளா?"